பாக்கியராஜ் வைத்த கல்

"எல், பி, ஈ, டி" என்று முணுமுணுத்தபடியே பாக்கியராஜ் கல்லைத் தூக்கினார். "பி, ஈ, சி, எஃப், டி" என்று முடிக்கும்போது கல் சுவரின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. நூல் கட்டிய வரிசைக்கு இந்தப் பக்கமாகவே நழுவி, அவருடைய கால் கட்டைவிரலை ஒட்டித் தொம்மென்று மண்ணில் விழுந்தது. கல்லைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். பிறகு திரும்பி, தகரக் கேபின் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவியைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நூல யாரு நவுத்துனது?"

"எனக்கு வேற வேல இல்ல பாரு, நூல நவுத்த," என்றார் சுகிர்தா, தலை நிமிராமல். "நூலு கட்னா மாறியேதான் கீது. நீங்கதான் கல்ல காத்து மேல வெக்கிறீங்க."

இதில் வேடிக்கை என்னவென்றால், பொருளை வைக்க வேண்டிய இடத்தில் வைப்பதுதான் பாக்கியராஜுக்குப் பிழைப்பே. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கட்டுமானக் கம்பி உருட்டும் கம்பெனி ஒன்றில் அவர் கிரேன் ஆபரேட்டர். ஷெட்டின் கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. அதன் அடிவயிற்றில் தொங்கும் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்துகொண்டு, கீழே அடுக்கியிருக்கும் கம்பிக் கட்டுகளைக் கொக்கியில் மாட்டித் தூக்கி, லாரிகளின் முதுகில் இறக்குவார். "பாக்கியராஜ் அண்ணன் ஷிஃப்ட்டுன்னா வண்டி குலுங்கவே குலுங்காது, பூ வெக்கிறா மாறி வெப்பாரு" என்று லாரி டிரைவர்கள் சொல்வார்கள். அதை அவரே நாலு பேரிடம் சொல்வதும் உண்டு.

அந்த வேலை அவருடைய உடம்பிலேயே ஊறிவிட்டது. பேசும்போது இரண்டு கைகளும் இல்லாத லீவர்களைப் பிடித்துக்கொண்டு அசையும். எதிரில் இருப்பவர் இடது கை ஓடுவதைப் பார்த்தால் கிரேன் நகர்கிறது என்றும், வலது கை இறங்குவதைப் பார்த்தால் கொக்கி இறங்குகிறது என்றும் புரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்த பிறகு கொஞ்சம் திருப்பி நேராக்காமல் சோற்றில் கை வைக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் தொடங்கும் முன்பு, பிளாஸ்டிக் நாற்காலிகளின் வரிசையைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருப்பவர் யாரென்று பார்த்தால் அது பாக்கியராஜாகத்தான் இருக்கும். ஆனால் கையால் எதையாவது தூக்கச் சொன்னால் மட்டும் ஆளைக் காணோம். "டன்னு கணக்கா தூக்கறவரு, கேஸ் சிலிண்டர் வந்தா எதுத்த ஊட்டு ஆள கூப்புடுவாரு" என்பது சுகிர்தாவின் நிரந்தரப் புகார்.

அப்படிப்பட்டவர் கல்சுவர் கட்ட இறங்கியதற்குக் காரணம் கால்வாய். மாதர்பாக்கம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு சின்ன மனை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மனையின் பின்பக்கம் ஏரிக் கால்வாய். ஒவ்வொரு மழைக்கும் கரை கொஞ்சம் சரிந்து, போன வருடம் ஒரு தென்னங்கன்றோடு மூலையே தண்ணீரில் போய்விட்டது. ஐப்பசி மழைக்கு முன் கருங்கல்லை அடுக்கி ஓர் அணைப்பு கட்டியாக வேண்டும். வெங்கடேசன் மேஸ்திரி தீபாவளி கழியட்டும் என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் வருடாந்திர ஷட்டவுன் விட்டார்கள். "நானே கட்றேன்" என்று கல்லை இறக்கச் சொல்லிவிட்டு, மனைவியோடு கேபினுக்கு வந்துவிட்டார் பாக்கியராஜ்.

கேபின் என்றால் மலைவாசஸ்தலத்து மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். கட்டட வேலை நடக்கும் இடங்களில் தகரப்பெட்டி மாதிரி வைத்திருப்பார்களே, அந்த போர்ட்டா கேபின். ஏதோ பாலம் கட்டி முடித்தவர்கள் கழித்துவிட்டதை வாங்கி வந்து மனையில் நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு அடுப்பு. கதவில் ‘சைட் இன்ஜினியர்’ என்ற பலகையைக் கழற்ற முடியாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதனால் பாக்கியராஜ் குளித்துவிட்டுத் துண்டோடு அந்தக் கதவைத் திறந்து வெளியே வரும்போதெல்லாம் சுகிர்தா எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்பார்.

ஆள் கிடைக்கவில்லை என்பது வெளியில் சொன்ன காரணம்தான். உள்ளுக்குள் வேறொன்று இருந்தது. கொஞ்ச காலமாகவே பாக்கியராஜுக்குத் தன்மேல் சந்தேகம். டீயை ஊற்றினால் பாதி டம்ளருக்குப் பக்கத்தில் போகிறது. படியில் இறங்கினால் கடைசிப் படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சாவியை நீட்டினால் பூட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். டம்ளர் சின்னது, படி கட்டியவன் சரியில்லை, பூட்டு துரு. ஆனால் அவரை உண்மையில் குழப்பியது வேறு. வீட்டில் இவ்வளவு தவறுகிறதே, கிரேனில் ஒன்றுகூடத் தவறுவதில்லையே! கம்பிக் கட்டு இன்றைக்கும் பூ மாதிரிதான் இறங்குகிறது. கெட்டது கண் என்றால் அங்கேயும் கெட்டிருக்க வேண்டாமா? அப்படியானால் கெட்டது எது, கையா, டம்ளரா?

கண் என்று சொல்லும்போது அந்த எழுத்துகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. கம்பெனி டிஸ்பென்சரியின் சுவரில் எழுத்துப் பலகை ஒன்று மாட்டியிருக்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. பாக்கியராஜ் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அதே பலகை, அதே ஆணி. முதலில் உள்ளே போய் வருகிறவர் கேன்டீனில் உட்கார்ந்து எழுத்துகளைச் சொல்ல, மற்றவர்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொள்வது ஆபரேட்டர்களிடையே பழைய வழக்கம். கண் நன்றாக இருக்கிறவர்களும் ஒப்பிப்பார்கள். யாரும் அதை ஏமாற்று என்று நினைத்ததில்லை. பரீட்சை என்றால் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வாரமும் பரிசோதனை நடந்தது. வலது கண்ணால் பாக்கியராஜ் நிஜமாகவே படித்தார். வலது கண்ணை மூடியதும், எதிரில் இருந்த பலகை புகை பிடித்த கண்ணாடிபோல் ஆகிவிட்டது. எழுத்து மட்டுமல்ல, பலகை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. வாய் மட்டும் தன் பாட்டுக்கு "எல், பி, ஈ, டி" என்று கடகடவென்று சொல்லி முடித்தது. டாக்டரம்மா "குட்" என்று கையெழுத்துப் போட்டார். வெளியே வந்த பாக்கியராஜுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்றே விளங்கவில்லை. அன்றிலிருந்து அந்த எழுத்துகள் நாக்கைவிட்டு இறங்கவில்லை. குளிக்கும்போது வருகிறது, பல் தேய்க்கும்போது வருகிறது. சுகிர்தா கேட்டதற்கு, "மெஷின் கோடு" என்று சொல்லிவைத்தார்.

திங்கட்கிழமை ஷட்டவுன் முடிகிறது. மேலே ஏற வேண்டும். அவர் கொக்கியில் தொங்குவது இரண்டு டன், மூன்று டன் கம்பிக் கட்டு. அதன் கீழே மனிதர்கள் நிற்கிறார்கள். ஏறலாமா கூடாதா என்று யாரிடமும் கேட்க முடியாத கேள்வியைக் கல்லிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இங்கே வந்திருந்தார். சுவர் நேராக வந்தால் ஏறலாம்.

சுவர் என்ன சொல்கிறது என்பதுதான் புரியவில்லை. முன்னால் நின்று பார்த்தால் வரிசை நேராக இருந்தது. முனைக்குப் போய் நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் தொப்பை போட்டிருந்தது. திரும்ப முன்னால் வந்தார், நேர். முனைக்குப் போனார், தொப்பை. "நான் அந்தாண்ட போறதுக்குள்ள மாறிடுது" என்று முடிவுகட்டி, மெதுவாகப் போனால் சுவர் சுதாரித்துக்கொள்கிறதென்று நினைத்தவர்போல் ஒருமுறை ஓடியே போய்ப் பார்த்தார். தொப்பை அங்கேயே இருந்தது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு கால்வாய்க் கரையில் வந்த அஞ்சம்மாள் சற்று நின்று கவனித்துவிட்டு, "இன்னா நைனா, சொவுரு குடிச்சிட்டு நடக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மண் சரிகிறது என்றார் பாக்கியராஜ். பிறகு நூல் வெயிலில் தளர்ந்துபோகிறது என்றார். மதியத்துக்கு மேல் ஆடுகள்மீது பழிபோட்டார். ரசமட்டத்தைக் கல்லின்மேல் வைத்து அதையும் நம்பாமல், திருப்பிப்போட்டு வைத்துப் பார்த்தார். "சொம்மா வெளையாடிக்கினு இல்லாம வந்து சாப்புடுங்க" என்று சுகிர்தா கூப்பிட்டபோது, சாப்பாட்டுத் தட்டைக்கூட ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார். மனிதனுக்குத் தன் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டால் உலகமே அவனைக் கேலி செய்வதற்காக இடம் மாறி உட்காருவதுபோல ஆகிவிடுகிறது. பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை தணிகாசலம் வந்தான். பைக்கின் ஹேண்டிலில் நாஷ்டா பொட்டலம் தொங்கியது, இட்லியும் வடகறியும். ஷெட்டில் கொக்கிக்குக் கீழே நின்று கை காட்டுகிறவன் அவன்தான். மேலே இருப்பவர் கண்ணுக்குக் கம்பிக் கட்டின் தலை மட்டும்தான் தெரியும், அடி தெரியாது. அதனால் இறக்கு, நிறுத்து, கொஞ்சம் தள்ளு என்பதெல்லாம் தணிகாசலத்தின் கை சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் இருவரும் வாயால் பேசிக்கொண்டதைவிடக் கையால் பேசிக்கொண்டது அதிகம். பாக்கியராஜைவிடச் சின்னவன், வாய் ஓயாதவன், "அண்ணி" என்று சுகிர்தாவைக் கூப்பிட்டால் அதில் எப்போதும் ஒரு டீ கேட்பது ஒளிந்திருக்கும்.

"இன்னாண்ணா இது, சொவுரா? கர்ப்பமா கீறா மாறி கீது," என்று சிரித்தான்.

"மண்ணு சரியில்லடா."

"சரி, பிரிச்சிட்டு வெப்போம். நான் அந்தாண்ட நிக்கிறேன், நீ தூக்கு."

தொப்பையைப் பிரித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற தணிகாசலத்தின் கை பழக்கத்தில் தானாக உயர்ந்தது. விரல்கள் கீழ்நோக்கி அசைந்தன. பாக்கியராஜ் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே கல்லை இறக்கினார். முஷ்டி மடங்கியதும் விட்டார். கல், நூலை முத்தமிட்டதுபோல் உட்கார்ந்தது. அடுத்த கல்லும் அப்படியே. அதற்கடுத்ததும். பாக்கியராஜின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் தேறிய பிள்ளைபோல் ஆகிவிட்டார். முனைக்குப் போய் நூல் பிடித்தார், நேர். முன்னால் வந்து பார்த்தார், நேர்.

"சுகிர்தா, இங்க வந்து பாரு! கை சரியாப் போச்சு! மண்ணும் இல்ல, ஒரு எழவும் இல்ல, நாலு நாளு ரெஸ்ட் எடுத்தா எல்லாம் சரியாப் போய்டும்னு சொன்னேன்ல?"

அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. சுகிர்தா டீயோடு வந்து பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். எழுத்துகளை முணுமுணுப்பதும் அன்று காலை நின்றுபோயிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை, மனைவி கவனித்தார்.

டீ குடித்த தெம்பில் பாக்கியராஜ் பெரிய கல்லாக ஒன்றைத் தேர்ந்து தூக்கினார். தணிகாசலம், முன்பு வைத்த கல் ஆடுகிறதென்று குனிந்து, அதன் அடியில் சில்லுக் கல் ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தான். கை காட்டவில்லை. காட்ட வேண்டிய தேவையும் இல்லையென்று பாக்கியராஜ் நினைத்தார். கைதான் சரியாகிவிட்டதே. தணிகாசலத்தின் கைக்கும் தாம் வைக்கப்போகும் இடத்துக்கும் நடுவில் தாராளமாக இரண்டு சாண் இருப்பதை அவர் தம் கண்ணாலேயே பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கல்லை விட்டார்.

தணிகாசலம் போட்ட சத்தத்தில் கால்வாயில் நின்ற கொக்குகள் கிளம்பிவிட்டன.

கல்லைப் புரட்டியபோது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கியிருந்தன. எலும்பு முறியவில்லை, மடக்க முடிந்தது. ஆனால் ஒரு நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. சுகிர்தா ஓடிவந்து, தண்ணீர் ஊற்றி, மஞ்சளை அப்பித் தன் பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினார். பாக்கியராஜ் கல்லை விட்ட நிலையிலேயே, இரு கைகளும் முன்னால் நீண்டிருக்க நின்றுகொண்டிருந்தார்.

"உன் மேல தப்பு இல்லண்ணா," என்றான் தணிகாசலம், பல்லைக் கடித்துக்கொண்டு. "கை காட்டாம உட்டது என் தப்பு."

"கை காட்டலன்னா இன்னாடா? எனக்குக் கண்ணு இல்லியா? ரெண்டு சாண் எடம் இருந்துச்சே!"

தணிகாசலம் அண்ணியைப் பார்த்தான். பிறகு கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். வலியில் இருக்கும்போது மனிதனுக்குப் பொய் சீக்கிரம் வருவதில்லை.

"எடம் எங்கண்ணா இருந்துச்சு? சித்திரைலருந்தே எனக்குத் தெரியும். நீ எப்பவும் ஒரு அடி தள்ளித்தான் எறக்குற. அத்த கணக்கு பண்ணிக்கினு நான் முன்னாடியே முஷ்டிய மடக்கிடுவேன். இந்தாண்ட நிக்கணும்னா அந்தாண்ட நின்னு காட்டுவேன். லோடு கரெக்டா குந்திக்கும். உன்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவன்னுதான்..."

பாக்கியராஜ் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். சித்திரையிலிருந்து அவர் பூப்போல இறக்கிய அத்தனை கட்டுகளும் அவருடையவை அல்ல. டிரைவர்கள் புகழ்ந்தது இவனுடைய பொய்யை. இத்தனை நாள் குழப்பத்துக்கு விடை கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. லாரியின் முதுகில் கட்டுகளுக்கு நடுவே நின்று கொக்கியைக் கழற்றும் ஆட்களின் மஞ்சள் ஹெல்மெட்டுகள்தான் கண்முன் வந்தன. பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். டிஸ்பென்சரி, புகை மூடிய பலகை, ஒப்பித்த எழுத்துகள்.

"மெஷின் கோடுன்னு சொன்னீங்களே," என்றார் சுகிர்தா. அவ்வளவுதான் சொன்னார். அந்தக் குரலுக்குப் பாக்கியராஜ் திட்டே வாங்கியிருக்கலாம்.

"அண்ணி, இத்தப் பெருசு பண்ணாதீங்க," என்று தணிகாசலம் அவசரமாக நடுவில் புகுந்தான். "நம்ப மூணு பேருக்குத்தான் தெரியும். கம்பெனிக்குத் தெரிஞ்சா அண்ணன கீழ எறக்கி கேட்டாண்ட நிக்க வெச்சிடுவாங்க. நான் கீழ கீற வரிக்கும் அவரு மேல இருக்கட்டும். ரிடையர்மென்ட் வரிக்கும் இப்டியே ஓட்டிடலாம்."

"நீ லீவு போட்ட அன்னிக்கு?" என்றார் சுகிர்தா.

"போடமாட்டேன்."

"இப்ப குனிஞ்சியே, அந்த மாறி ஒரு வாட்டி குனிஞ்சா?"

தணிகாசலம் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பாக்கியராஜுக்கோ இரண்டு பக்கமும் நியாயமாகவே தோன்றியது. கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்திருக்கும்வரை அவர் பாக்கியராஜ் அண்ணன். கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வருகிற லாரிக்குக் கயிறு இறக்கிவிடும் ஆள். வலது கண் நன்றாகத்தானே இருக்கிறது, தூரம் மட்டும்தானே பிடிபடவில்லை? காலையில் வைத்த கற்கள் நேராகத்தானே வந்தன? இல்லை, அவை இவன் வைத்தவை. அப்படியென்றால் எதுதான் தம்முடையது? இடது கை தானாக எழுந்து லீவரைத் தள்ளப் பார்த்தது. அதை மடியில் அழுத்திக்கொண்டார். பிறகு எழுந்து தணிகாசலத்துக்கு எதிரில் வந்து நின்றார்.

"ஒண்ணு பண்ணு. நல்ல கைய நீட்டு. வெரல நீட்டிக்கினு ஆடாம நில்லு. என் வெரலால உன் வெரலு முனைய தொடறேன். ரெண்டு கண்ணும் தெறந்துக்கினேதான். தொட்டுட்டா திங்கக்கெழம மேல ஏறுறேன். தொடலன்னா காலீலயே டாக்டரம்மாகிட்ட போயி நானே சொல்லிட்றேன்."

"இதெல்லாம் இன்னாத்துக்குண்ணா..."

"நீட்டுடா."

தணிகாசலம் இடது கையை நீட்டினான். பாக்கியராஜ் மூச்சை இழுத்துக்கொண்டார். தோளிலிருந்து கை புறப்பட்டு, அவசரமில்லாமல், நல்ல ஆபரேட்டரின் கொக்கி வருவதுபோல முன்னால் வந்தது. வந்த கை ஒரு சாண் இப்பாலேயே நின்று, ஒன்றுமில்லாத இடத்தை விரலால் தொட்டது. தொட்டது எதுவும் இல்லையென்று தெரிந்து கொஞ்சம் பக்கவாட்டில் தேடியது. அந்த விரல் தேடுவதைத் தணிகாசலத்தால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவனுடைய விரல் மெல்ல, சத்தமில்லாமல், அது தேடும் இடத்தை நோக்கி நகர ஆரம்பித்தது.

சுகிர்தா மஞ்சள் காயாத தன் கையால் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்து, அசையவிடாமல் நிறுத்தினார்.